வலிக்காத பல்

ஜூன் 8, ஞாயிறு

தரகர் அர்த்தநாரி மறுபடியும் வந்தார். நவநீதனுக்கு ஒரு ஜாதகம். பெண் பல் டாக்டர், திருப்பூரில் சொந்தக் கிளினிக், பெயர் தாரணி. பொருத்தமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. சில போட்டோக்கள் கொடுத்தார். எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காங்கேயம் சந்தையில் ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தால் அதன் வயது, அது தின்ற தீவனம், விற்கிறவனின் யோக்கியதை எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மனுஷருக்கும் அதே கணக்குதான். வெள்ளகோவில் பெண்ணுக்கு முன்பற்களுக்கு நடுவே சந்து இருந்தது. தாராபுரத்துப் பெண்ணுக்குத் தெற்றுப்பல். இன்னும் பலருக்கு இன்னும் பல. எல்லாம் நான் கண்டுபிடித்துத் தட்டிக் கழித்தவை. அந்த வீடுகளில் சுலோச்சனா பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றதோடு சரி.

"இந்தப் புள்ளைக்கு என்ன கொறைன்னு வாயத் தொறக்காம நிக்குது?" என்று கேட்டேன்.

வழக்கமாக இந்தப் பேச்சு வந்தால் நவநீதன் எழுந்து போய்விடுவான். இன்று உட்கார்ந்தே இருந்தான். "நேர்ல பார்த்துட்டுச் சொல்லலாமுங்கப்பா" என்றான். முப்பத்தொரு வயதில் பையனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது.

ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். தாமதித்தால் அந்த வீட்டுக்கு வேறு ஜாதகம் வந்துவிடும் என்று தரகர் மிரட்டிவிட்டுப் போனார். இது போனால் இனி நம் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றும் சொன்னார். மாவட்டத்தில் பெண் மிச்சமில்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்

போர்வெல் மோட்டார் புகைந்துவிட்டது. கழற்றிக் கொடுத்தாயிற்று.

ஒரு யோசனை தோன்றியது. பெண் பார்க்கும் அன்று எந்தப் பெண்ணும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பாள். சந்தைக்குக் குளிப்பாட்டி ஓட்டி வந்த மாட்டைப் பார்ப்பதைவிட, காட்டில் மேயும்போது பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நான் பல்வலிக்காரனாக அந்தக் கிளினிக்குக்குப் போய்விட்டால் என்ன? என்னை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் பேசும்போது பல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சுலோச்சனாவிடம் சொன்னேன். "பல் டாக்டர்னு போர்டப் பார்த்தாலே உங்களுக்கு வேர்த்து ஊத்துமே" என்றாள். அது எந்தக் காலத்துக் கதையோ. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போனில் வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். தங்கச்சியாக இருக்கும்.

நவநீதன் மட்டும் நல்ல யோசனை என்றான். "மாடியிலங்கப்பா. லிஃப்ட் ஓடாது. நாலாவது படி ஒடஞ்சிருக்கும், பார்த்து ஏறுங்க." இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கூகுளில் பார்த்துவிடுகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

போய் வந்தேன். பெயர் ராமலிங்கம் என்று கொடுத்தேன். போன் நம்பர் கேட்டபோது சட்டென்று பொய் வரவில்லை, என் நம்பரையே சொல்லிவிட்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் தலையில் இடி விழுந்தது. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கிலிருந்து மோவாய் வரை மாஸ்க். பல் டாக்டர் மாஸ்க் போட்டிருப்பாள் என்கிற விஷயம் எங்கள் வீட்டில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

"வாங்க, உக்காருங்க. எந்தப் பக்கமுங்க வலி?"

"வலப்பக்கம்" என்றேன்.

"பிரஷர் மாத்திரை காலைல போட்டுட்டீங்கல்ல?"

எனக்குப் பிரஷர் இருப்பதை நான் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரிதான்.

இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுத்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வலிக்குதுன்னு நீங்க சொல்ற பல்லு கல்லாட்ட இருக்குதுங்க. எடப்பக்கம் கீழ, கடைவாய்ப்பல்லு. அதுதான் உள்ள செத்துப் போச்சு."

"அது வலிக்கவே இல்லையேம்மா."

"அதுதானுங்க வெனையே. உள்ள நரம்பு செத்துட்டா வலி நின்னுரும். நல்லாயிருச்சுன்னு எல்லாரும் ஊட்டுல இருந்துக்குவாங்க. வேருக்கு அடியில பாருங்க, கறுப்பா ஒரு நெழல் தெரியுதா? எலும்பு அரிச்சுட்டிருக்குதுங்க."

நிழல் தெரிந்தது. மாட்டு வாயில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மாட்டுக்கு எக்ஸ்ரே எடுத்ததில்லை என்பதும் உண்மை.

"புடுங்கிரலாமுங்களா?" என்று கேட்டேன். கேட்டபோது குரல் கொஞ்சம் கம்மியது, மழைக்காலச் சளி.

"புடுங்கறது சுலபம். காப்பாத்த முடியற பல்ல எதுக்குங்க புடுங்கோணும்? உள்ள கெட்டதச் சொரண்டி எடுத்து, வேரு வரைக்கும் சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு அடைச்சு, மேல ஒரு கேப் போட்டுட்டா இன்னும் பல வருசம் மெல்லலாம். மரத்துப்போற ஊசி போட்டுத்தான் பண்ணுவேன். நாலஞ்சு தடவ வரோணும், பாதியில நிக்கக் கூடாது. அது மட்டும்தான்."

வந்த காரியம் முடியவில்லையே என்று, பால் சொசைட்டியில் எல்லாரும் சிரிக்கிற ஜோக் ஒன்றைச் சொன்னேன். சிரித்தாள். மாஸ்க் மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

பணம் பிடுங்கப் பார்க்கிறாளோ என்று காங்கேயத்திலேயே இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். அதே பல்லைத்தான் தட்டிக் காட்டினார். அவரும் மாஸ்க்.

ஜூன் 18, புதன்

முதல் நாள் வைத்தியம். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் பல்லைப் பார்க்காமல் பையனைக் கட்டிக்கொடுக்க முடியுமா? எள்ளுருண்டை ஒரு டப்பா எடுத்துப் போனேன். சாப்பிட மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும். "வேலை நேரத்துல எதும் வாயில போட மாட்டேனுங்க" என்று டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நாற்காலியின் கைப்பிடி ஈரமாக இருந்தது. அங்கே ஏ.சி. சரியில்லை போலும். நர்ஸ் இரண்டு தரம் துடைத்தாள், இரண்டு தரமும் மறுபடி ஈரமாகிவிட்டது.

ஊசி ஒரு கட்டெறும்பு கடிக்கிற அளவுதான். நான் கத்தியதாக நர்ஸ் சொன்னாள். தொண்டையைக் கனைத்தேன், அதைத் தவறாகப் புரிந்துகொண்டாள். பிறகு பாதி வாய் என்னுடையதாகவே இல்லை. உள்ளே ஏதோ குடைந்தாள், முடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பிகளை விட்டு விட்டு எடுத்தாள். வலி கொஞ்சமும் இல்லை. இதற்கா ஊர் உலகம் பயப்படுகிறது என்று தோன்றியது. ஊர் உலகத்தைத்தான் சொல்கிறேன்.

"இப்ப வெச்சிருக்கறது தற்காலிக அடைப்புங்க. கடிச்சா வந்துரும். மரப்பு போற வரைக்கும் எதும் சாப்புடாதீங்க. வலி இல்லீன்னாலும் அடுத்த வாரம் கட்டாயம் வரோணும். வலி இல்லீன்னாத்தான் கட்டாயம் வரோணும்."

கீழே பேக்கரியில் ஒரு டீ குடித்தேன். பாதி டீ உள்ளே போனது, பாதி சட்டைக்குள் போனது. பன்னைக் கடித்தபோது கூடவே கன்னத்தையும் கடித்திருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 21, சனி

துளி வலி இல்லை. முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. அப்படியென்றால் குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஜூலை 6 ஞாயிறு பெண் பார்க்கப் போவதாகத் தரகர் உறுதி செய்துவிட்டார். இனிமேலும் கிளினிக்குக்குப் போனால் முகம் பழகி மாட்டிக்கொள்வேன். அதனால் போகப்போவதில்லை. காரணம் அது ஒன்றுதான். சுலோச்சனா வேறு காரணம் சொல்கிறாள், அதை இங்கே எழுத அவசியமில்லை.

செவலைக்கு வயிறு உப்புசம். ஓமமும் பெருங்காயமும் கரைத்து ஊற்றினேன். வாயைத் திறக்க என்ன பாடு படுத்துகிறது, பயந்தாங்கொள்ளி மாடு.

ஜூன் 25, புதன்

கிளினிக்கிலிருந்து போன். "ராமலிங்கம் சாருங்களா? இன்னைக்கு வரோணுமே நீங்க." டாக்டரே பேசினாள்.

"அவர் ஊருக்குப் போயிட்டாருங்க. நான் அவுரு தம்பி."

"குரல் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"ரெட்டைப் பிள்ளைங்க."

"அப்படீங்களா? உங்க பல்லும் அதே மாதிரி இருந்தா நீங்களும் ஒருக்கா வந்து காட்டிருங்க. அண்ணன்கிட்டச் சொல்லுங்க, பல்லத் தொறந்துட்டுப் பாதியில உட்டா, உள்ள மிச்சமிருக்கற கிருமி ஒறங்காது. ஒரு நாளைக்கு மூஞ்சிய வீங்க வெச்சுத்தான் தீரும்."

சரி, சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நவநீதன் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தான். தோள் குலுங்கியது. இருமலாக இருக்கும், கஷாயம் வைக்கச் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

சொந்தக்காரர் வீட்டு விசேஷம். முறுக்கு கடித்தபோது சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஏதோ வந்தது. முறுக்கில் கல் என்று அந்த வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து நாக்கால் தடவினால் பல்லில் பொந்து.

ஜூலை 3, வியாழன்

இடப்பக்கம் லேசாகக் கனக்கிறது. கிராம்புத் தைலம் வைத்தேன்.

ஜூலை 5, சனி

கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிறான். இடது கன்னம் தேங்காய் அளவு வீங்கி மோவாயைக் கீழே இழுக்கிறது. வலி காதுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கஞ்சியைக்கூட ஓரமாக ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"தேதியத் தள்ளி வெப்பமுங்க. மொதல்ல அந்தப் புள்ளகிட்டயே போங்க" என்றாள் சுலோச்சனா.

எப்படித் தள்ளி வைப்பது? நாளையை விட்டால் ஆடிக்கு முன் நல்ல நாள் கிடையாது என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டார். எப்படிப் போய் நிற்பது? ராமலிங்கமாகப் போவதா, அவர் தம்பியாகப் போவதா, மாப்பிள்ளையின் அப்பாவாகப் போவதா? நவநீதன் இந்தப் பெண்ணுக்குச் சரியென்று சொல்லியிருக்கிறான். முன்பு எதற்கும் அவன் சரியென்று சொன்னதில்லை. என் பல்லால் இது கெட்டுப்போனால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. வலிக்காக இல்லை, இதற்காகத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கன்னத்தை மறைக்கத் துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அப்பா துரைசாமி வாசலிலேயே, "ஏனுங் மச்சான், ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார். கொசுக்கடி என்று சுலோச்சனா சொன்னாள். அவருடைய ஊரில் அவ்வளவு பெரிய கொசு இல்லை என்று மட்டும் சொன்னார்.

காபித் தட்டோடு பெண் வந்தாள். மாஸ்க் இல்லை. இதற்காகத்தானே இத்தனை பாடும் பட்டேன், ஆனால் அந்த நேரத்தில் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தட்டு என் முன்னால் வந்து நின்றது. அங்கேயே நின்றது. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"வந்திருக்கறது அண்ணனுங்களா, தம்பிங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "துண்ட அவுத்துட்டு வாயத் தொறங்க" என்றாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரே மண்டியிட்டாள். அவளுடைய அத்தை, சித்தப்பா, வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒரு கூட்டமே என் பல்லைப் பார்த்தது. ஒருவர் சரியாகத் தெரியவில்லை என்று என் தலையை இப்படித் திருப்பச் சொன்னார்.

அத்தைக்காரி விரலை மோவாயில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, மாப்பிள்ளைக்கும் இதே பல்லுதான் வருமா? அப்பன் வாயப் பார்த்தா யோசனையா இருக்குதே" என்றாள். எல்லாரும் நவநீதன் பக்கம் திரும்பினார்கள். அவன் ஈயென்று காட்டினான். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்கள். இப்படியுமா ஒரு வீட்டில் நடந்துகொள்வார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அந்த வீங்கின வாயோடு வந்தது. "ஊட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க."

"நீங்க எதும் சொல்ல வேண்டாமுங்க" என்றாள் தாரணி. "நாந்தான் சொல்லோணும். பாதியில உட்டுட்டுப் போற ஊட்டுல எப்படிங்க வாக்கப்படறது? நாளைக்குக் காத்தால கிளினிக் வாங்க. சொன்ன நாளைக்கெல்லாம் வந்து வேர முழுசாச் சுத்தம் பண்ணி முடிச்சுக்கங்க. முடிச்ச அன்னைக்கு என் பதிலச் சொல்றேன்."

துரைசாமி மகளை அதட்டப் பார்த்தார். நவநீதன்தான் முதலில், "நியாயம்தானுங்க" என்றான். யார் பக்கம் இவன்?

காரில் வரும்போது சுலோச்சனா கேட்டாள். "பல்லு எப்படிங்க இருந்துச்சு அந்தப் புள்ளைக்கு?" நான் பார்க்கவில்லை. அவள் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

நவநீதன் கூட வந்தான். உள்ளே இருந்த சீழை வடித்தாள். வந்த நாற்றத்தை எழுத முடியாது. கோமாரி வந்த மாட்டுத் தொழுவத்திலும் நின்றிருக்கிறேன், அது தேவலாம். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை.

"வெறும் மாத்திரை எழுதிக் குடுத்தா வாங்கி முழுங்கிக்கறேனே" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மாத்திரை வீக்கத்தத்தான் அடக்குமுங்க. உள்ள செத்துக் கெடக்கறத மாத்திரை வெளிய கொண்டாந்து போடாது. அத நாந்தான் எடுக்கோணும்."

பிறகு, "நவநீ, அந்த டவல எடு" என்றாள். அவன் சட்டென்று போய்க் கடைசி அலமாரியில் கீழ்த்தட்டைத் திறந்து எடுத்து வந்தான். புது இடத்திலும் என் பையன் எவ்வளவு சூட்டிகையாக இருக்கிறான்.

ஜூலை 11, வெள்ளி

கம்பி, தண்ணீர், கம்பி, தண்ணீர். கைப்பிடி இன்று கொஞ்சம்தான் ஈரம். மோட்டார் சரியாகி வந்துவிட்டது.

ஜூலை 16, புதன்

இன்று வேரை அடைத்து முடிக்கிற நாள். கேப் இன்னும் இரண்டு வாரம் கழித்து. நாளை ஆடி பிறக்கிறது.

ஊசி போட்டாள். கன்னம், உதடு, பாதி நாக்கு எல்லாம் மரத்துப்போயின. பிறகு வாய்க்கு மேலே ஒரு ரப்பர் தாளை விரித்து, அந்தப் பல்லை மட்டும் வெளியே எட்டிப் பார்க்க வைத்தாள். எச்சில் உள்ளே போகாமல் இருக்கவாம். அதைப் போட்டபின் "ஆ" என்பதைத் தவிர வேறு எந்தச் சொல்லும் என்னிடமிருந்து வராது. அதைத் தெரிந்தே அவள் பேச ஆரம்பித்தாள்.

"கல்யாணம் ஆனாலும் இந்தக் கிளினிக்க நடத்துவேன். சம்மதமுங்களா?"

"ஆ."

"ஞாயித்துக்கிழமை சமைக்க மாட்டேன். நீங்களும் மாமியும் வேணும்னா சமைச்சுப் போடுங்க."

"ஆ."

"எங்க ரெண்டு பேரு விசயத்துல ரெண்டு வருசமா நவநீதன் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டிருந்தது தெரிஞ்சா திட்டக் கூடாது."

இது எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் "ஆ"தான் வந்தது. சுலோச்சனாவிடம் கேட்க வேண்டும்.

பழுக்கக் காய்ச்சிய கருவி ஒன்றை வைத்து எதையோ அழுத்தினாள். சின்னதாய்ப் புகை வந்தது. மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"பெருந்துறையில பவித்ரான்னு ஒரு புள்ளையப் பார்க்கப் போனீங்க. போன வருசம்."

நினைவிருக்கிறது. சிரித்தால் ஈறு தெரிந்தது. தரகரிடம் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். அவர் அப்படியே போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஈற வெட்டிக் கொறைச்சு உடுங்கன்னு இதே சேர்ல வந்து உக்காந்தாங்க. வெட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்க. அத்தன அழகான சிரிப்பு அந்தப் புள்ளைக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நம்பல. பல்லப் பத்திப் படிச்ச நான் சொல்றத நம்பாம, ஒரு வாய் காபி குடிக்கற நேரம் பார்த்துட்டுப் போன நீங்க சொன்னத நம்பறாங்க. இப்பவும் வாயக் கையால பொத்திட்டுத்தான் சிரிக்கறாங்க."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கும் பார்க்க முடியாதபடி விளக்கை வைத்திருந்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு அவங்களக் கூப்பிடப் போறேன். வாசல்ல நின்னு வரவேற்கறது மாப்பிள்ளையோட அப்பாதானுங்களே. 'நல்லா வாயத் தொறந்து சிரி சாமி, நான் சொன்னது தப்பு'ன்னு அவங்ககிட்ட நீங்கதான் சொல்லோணும். சொல்லுவீங்களா?"

நம்ம கல்யாணம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அவளுடைய பதில் அதுதான் என்பதும் புரிந்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என் மனதில் அந்தப் பெருந்துறை வீட்டுக் கூடம்தான் வந்தது. காபி கொடுத்துவிட்டு அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்தாள். நான் பல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கண்ணோரம் ஏதோ வழிந்து காதுக்குள் போயிற்று. கையைத் தூக்கித் துடைக்க வெட்கமாக இருந்தது.

தாரணி கருவியை நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

"ஏனுங் மாமா, வலிக்குதுங்களா?"

பாதி முகம் மரக்கட்டையாகக் கிடந்தது. வலிப்பதற்கு அங்கே நரம்பே இல்லை, அவள்தான் எடுத்துப் போட்டுவிட்டாளே. இருந்தாலும் நான் "ஆ" என்றேன்.

அவள் இன்னொரு ஊசி போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.